திருச்சி – சிங்கப்பூர்: நாலு மணி நேரமா, ஏழு மணி நேரமா?

பூண்டி மகள்
ஜூலை 15, காலை 9.10

எல்லாருக்கும் வணக்கம். திருத்துறைப்பூண்டியிலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அம்மாவை அனுப்பி வைக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. இதுவரை விமானம் ஏறியதில்லை, இப்போது தனியாகத்தான் போகிறார். முட்டிவலி வேறு, ஒரு மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார முடியாது.

தம்பி டிக்கெட் போட்டு அனுப்பிவிட்டான். ஜூலை 24, திருச்சியில் 00.40-க்குக் கிளம்பி சிங்கப்பூரில் 07.25-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறது. அம்மா விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, "ஏழு மணி நேரம் என்னால உட்கார முடியாதுடி" என்கிறார். திரும்பி வரும் டிக்கெட்டில் அங்கே இரவு 8.30, திருச்சியில் 10.05. எண்ணிப் பார்த்தால் ஒன்றரை மணி நேரம்தான் வருகிறது. போவதற்கு ஏழு, வருவதற்கு ஒன்றரையா? உண்மையில் எத்தனை மணி நேரம்? எத்தனை கிலோமீட்டர்? தேடிப் பார்த்தால் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கணக்கு இருக்கிறது. அம்மாவுக்குப் புரியும்படி யாராவது சொல்லுங்கள்.

மன்னை வாசி
ஜூலை 15, காலை 9.32

அக்கா, ஏழும் இல்லை, ஒன்றரையும் இல்லை. டிக்கெட்டில் கிளம்பும் நேரம் திருச்சிக் கடிகாரப்படி இருக்கும், இறங்கும் நேரம் சிங்கப்பூர்க் கடிகாரப்படி இருக்கும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அம்மா இறங்கும் 07.25 என்பது உங்கள் வீட்டுக் கடிகாரத்தில் விடியற்காலை 4.55. அப்படியானால் 00.40-லிருந்து நாலே கால் மணி நேரம். வரும்போது ஒன்று முப்பத்தைந்தோடு இரண்டரையைக் கூட்டுங்கள், நாலு மணி ஐந்து நிமிடம். அம்மாவிடம் "மன்னை எக்ஸ்பிரஸில் சென்னை போகிற நேரத்தில் பாதிதான்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஒரத்தநாட்டான்
ஜூலை 15, பகல் 12.48 (சாப்பாட்டு இடைவேளையில்)

நான் சிங்கப்பூரில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இந்தப் பாதையில் எத்தனை தடவை போய் வந்தேன் என்று கணக்கில்லை. தூரம் பற்றிக் கேட்டதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

திருச்சி விமான நிலையத்துக்கும் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் பூமியின் வளைவை ஒட்டி அளந்தால் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர். நீங்கள் பார்த்த கணக்குகள் மாறி மாறி இருப்பதற்குக் காரணம் உண்டு. சில தளங்கள் ஊரின் நடுவிலிருந்து அளக்கும், சில விமான நிலையத்திலிருந்து. சில மைலில் தரும், சில கடல் மைலில் தரும். அந்த 2,980-ஐக் கடல் மைலாக்கினால் சுமார் 1,609, சாதாரண மைலாக்கினால் சுமார் 1,852. மூன்றும் ஒரே தூரம்தான், தப்பு எதுவும் இல்லை. விமானம் உண்மையில் பறக்கும் தூரம் இதைவிடச் சற்றுக் கூடும். வானத்திலும் வகுத்து வைத்த வழித்தடம் உண்டு, இறங்கும் முன் வரிசையில் நின்று சுற்றவும் நேரும்.

நேரத்துக்கு வருவோம். இந்தப் பாதையில் ஓடுவது பெரும்பாலும் ஒற்றை நடைபாதை உள்ள நடுத்தர விமானங்கள். மேலே போனபிறகு மணிக்கு 830 கிலோமீட்டர் சுமாரில் போகும். வகுத்துப் பார்த்தால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம். மீதி நாற்பது நிமிடம் எங்கே போகிறது என்றால், டிக்கெட்டில் உள்ள நேரம் வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. நின்ற இடத்திலிருந்து விமானம் நகர ஆரம்பிப்பது முதல், அங்கே போய்ச் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும் வரை எல்லாம் அதில் சேரும். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது, சாங்கியில் இறங்கிய பிறகு வாசல் தேடி ஊர்வது எல்லாமே.

இன்னொன்று. வரைபடத்தில் திருச்சியிலிருந்து சாங்கிக்கு நேர்கோடு போட்டுப் பார்த்தேன். எங்கள் ஒரத்தநாட்டுப் பக்கம் வந்து, திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவே போய், வேதாரண்யம் பக்கத்தில் கடலைத் தொடுகிறது. அப்புறம் வங்காள விரிகுடா முழுக்கத் தண்ணீர். மூன்றில் இரண்டு பங்கு தூரம் போனால் சுமத்ராவின் வடமுனை, பிறகு மலாக்கா நீரிணை, சிங்கப்பூர். உங்கள் அம்மா காரில் 120 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போய் ஏறுகிறார். ஏறின விமானம் அவரை உங்கள் ஊர்ப் பக்கமாகவே திருப்பிக் கொண்டுவரும்.

குடந்தை வடக்குவீதி
ஜூலை 15, பகல் 1.20

சென்னையிலிருந்து போனால் தூரம் குறைவுதானே? விமானங்களும் அங்கே அதிகம், பகலிலும் கிடைக்கும். வயதானவரை ஏன் நடுராத்திரியில் அலைக்கழிக்க வேண்டும்? டிக்கெட்டை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.

ஒரத்தநாட்டான்
ஜூலை 15, பகல் 1.41

தூரம் குறைவு என்பது சரி. ஆனால் எவ்வளவு குறைவு? சென்னை–சாங்கி 2,920 சுமார். அறுபது கிலோமீட்டர் வித்தியாசம், விமானத்துக்கு ஐந்து நிமிடம்கூட இல்லை. அந்த ஐந்து நிமிடத்துக்காகத் திருத்துறைப்பூண்டியிலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ரயிலிலோ பேருந்திலோ முட்டிவலியோடு போக வேண்டும். ராத்திரி அலைச்சல் என்று நீங்கள் கவலைப்படுவது நியாயம்தான். ஆனால் சென்னை போவதும் ஒரு ராத்திரிப் பயணம்தான்.

வழியில் இறங்கி மாறுவதையும் யாராவது சொல்வார்கள், அதையும் கணக்குப் போட்டுவிடுகிறேன். திருச்சி–கோலாலம்பூர் 2,690, அங்கிருந்து சிங்கப்பூர் 300. கூட்டினால் நேர் தூரத்தைவிடப் பத்து கிலோமீட்டர்தான் கூடுதல். கொழும்பு வழி என்றால் 420-ம் 2,750-ம் சேர்ந்து 3,170. தூரம் பெரிதாகக் கூடவில்லை. ஆனால் நடுவில் காத்திருக்கும் நேரம் பயணத்தையே இரட்டிப்பாக்கிவிடும். தனியாக, முதல்முறையாகப் போகும் ஒருவருக்கு நேர் விமானம்தான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

குடந்தை வடக்குவீதி
ஜூலை 15, பகல் 2.05

சரி, ஒத்துக்கொள்கிறேன். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு நிறைய ரயில் இருப்பதால் அப்படிச் சொன்னேன். பூண்டி எவ்வளவு தெற்கே என்பதை யோசிக்கவில்லை.

நாகை கடற்கரை
ஜூலை 15, மாலை 6.15

நான் 1971-ல் என் அப்பாவோடு நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் போனவன். அப்போது எனக்குப் பதினேழு வயது. கப்பல் கரைக்கு வராது. தள்ளி நிற்கும், படகில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலோரம் விடுவார்கள். அலையில் படகு ஏறி இறங்கும்போது ஏணியைப் பிடிக்க வேண்டும். எங்களோடு வந்த கிழவி ஒருத்தி கண்ணை இறுக மூடிக்கொண்டே ஏறினாள், அது இன்னும் நினைவில் இருக்கிறது. மேல்தளத்தில் பாய் விரித்துத்தான் படுக்கை. பினாங்கு, அப்புறம் போர்ட் சுவெட்டன்ஹாம் (இன்றைக்குப் போர்ட் கிள்ளான்), கடைசியாகச் சிங்கப்பூர். ஒரு வாரம் ஓடிவிடும்.

ரஜூலா 1926-ல் கட்டிய கப்பல். அது நின்ற பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்துபோனார்கள். அதோடு அந்தக் கப்பலும் நின்றது. எங்கள் தெருவில் அன்றைக்கு வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகம் எனக்குத் தெரியும். யார் வீட்டு ஆள் அதில் இருக்கிறான் என்று தெரியாமல் எல்லா வீட்டிலும் அடுப்பு அணைந்து கிடந்தது.

அம்மா, உன் தாயாரிடம் சொல். அந்த ஒரு வாரம்தான் இன்றைக்கு நாலு மணி நேரமாகச் சுருங்கியிருக்கிறது. பயப்பட வேண்டாம்.

ஒரு சந்தேகமும் உண்டு. எங்கள் காலத்தில் சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணி நேரம்தான் வித்தியாசம். மன்னைத் தம்பி இரண்டரை என்கிறாரே?

ஆரூர் புவியியல்
ஜூலை 15, இரவு 8.40

நாகை ஐயா சொல்வது சரி, மன்னைத் தம்பி சொல்வதும் சரி. சிங்கப்பூர் நேரம் 1981 முடியும்வரை நம்மைவிட இரண்டு மணி நேரம்தான் முன்னால் இருந்தது. 1982 ஜனவரி 1-ல் மலேசியா, கடலுக்கு அப்பால் கிழக்கே இருக்கும் தன் சபா, சரவாக் பகுதிகளோடு மலாய்த் தீபகற்பத்தையும் ஒரே நேரத்தில் கொண்டுவர அரை மணி முன்னே தள்ளியது. சிங்கப்பூரும் கூடவே தள்ளிக்கொண்டது. அன்றிலிருந்துதான் இரண்டரை. ஐயா போனது அதற்கு முன்னால்.

முப்பது வருடம் பள்ளியில் புவியியல் எடுத்தவன் என்பதால் இன்னும் இரண்டு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் 25 பாகைக்குச் சற்று மேலே தீர்க்கரேகை வித்தியாசம். ஒரு பாகைக்கு நாலு நிமிடம். அப்படியானால் சூரியக் கணக்கில் ஒரு மணி நாற்பது நிமிடம்தான் வித்தியாசம் இருக்க வேண்டும். கடிகாரத்தில் இரண்டரை வைத்திருப்பதால் அங்கே பொழுது விடிவதே ஏழு மணி சுமாருக்கு. உங்கள் அம்மா 7.25-க்கு இறங்கும்போது "ஏழரை மணிக்கு வெயிலே வரலையே" என்பார். அது அந்த ஊர்க் கடிகாரத்தின் வேலை.

அடுத்தது காற்று. போவது நாலே கால், வருவது நாலு ஐந்து என்று டிக்கெட்டிலேயே பத்து நிமிடம் வித்தியாசம் இருப்பதைக் கவனித்தீர்களா? இதோ ஆடி பிறக்கப் போகிறது. நம் வயலில் மேற்கிலிருந்து கோடைக்காற்று அம்மியை நகர்த்துகிற மாதிரி அடிக்கிறது. கிழக்கே போகிற விமானத்தைத் தள்ளிவிடும் காற்றுதானே என்று தோன்றும். ஆனால் மேலே போகப் போகக் காற்று திரும்பிவிடும். தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மேல், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு பெரும் காற்று ஓடுகிறது. கீழே கோடை, உச்சியில் கொண்டல் என்கிற கிழக்குக் காற்று. இந்தக் கீழைத் தாரைக்காற்றைப் பற்றி 1950-களில் ஆராய்ந்து எழுதியவர் பி. கோட்டேஸ்வரம் என்ற நம் நாட்டு வானிலை அறிஞர். இதைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமிதம் வரும்.

விமானம் பறப்பது ஏறக்குறைய 35,000 அடி, அதாவது பத்தரைக் கிலோமீட்டருக்குச் சற்று மேலே. அந்தக் காற்றின் அடிப்பகுதி அங்கே உரசும். உதாரணத்துக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று என்று வையுங்கள். 830 வேகம் தரைக் கணக்கில் 780 ஆகிவிடும், பதினான்கு நிமிடம் கூடும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், பன்னிரண்டு நிமிடம் குறையும்.

திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருக்கிறது. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏற வேண்டும். அதனால் ஆடிக்காற்று பலமாக இருந்தால் மேற்கே பார்த்து ஏறி, வளைந்து, அப்புறம்தான் கிழக்கே திரும்பும். "தப்பான திசையில் போகிறதே" என்று அம்மா பதற வேண்டாம்.

பூண்டி மகள்
ஜூலை 15, இரவு 9.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். நாகை ஐயா எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். அம்மாவின் சித்தப்பா ஒருவர் ரஜூலாவில்தான் போனாராம், போனவர் திரும்பவே இல்லையாம். இது எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். "நாலு மணி நேரம்னா சரி" என்று இப்போது ஒத்துக்கொண்டார்.

24-ஆம் தேதி சாயங்காலம் ஏழு மணிக்குக் கார் சொல்லியிருக்கிறேன். மன்னார்குடி, தஞ்சாவூர் வழியாகப் போனால் பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாம் அல்லவா?

பட்டுக்கோட்டை மச்சான்
ஜூலை 15, இரவு 9.41

அக்கா, நிறுத்துங்கள். 24-ஆம் தேதி சாயங்காலம் இல்லை, 23-ஆம் தேதி சாயங்காலம்.

00.40 என்பது 24 பிறந்து நாற்பது நிமிடம். அதாவது 23 ராத்திரி சாப்பிட்டு முடித்து, தூங்கப் போகிற நேரத்துக்குப் பிறகு வரும் நடுச்சாமம். நீங்கள் 24 சாயங்காலம் கிளம்பினால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

எங்கள் மாமாவுக்கு இதுதான் நடந்தது. இரண்டு வருடம் முன்னால் வேலைக்குப் போகும் முதல் பயணம். ஊரே வந்து வழியனுப்பியது. மாலை போட்டு, வேன் வைத்துத் திருச்சி போய் வாசலில் டிக்கெட்டைக் காட்டினால், "இது நேற்று ராத்திரி போய்விட்டது" என்றார்கள். அத்தை அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பணம் திரும்ப வரவில்லை. புது டிக்கெட்டுக்கு நகையை வைத்துத்தான் அனுப்பினோம். நம் ஊர்ப் பழக்கத்தில் விடிந்தால்தான் மறுநாள், டிக்கெட்டுக்குப் பன்னிரண்டு அடித்தால் மறுநாள். தூரம் தெரியாமல் போனாலும் பரவாயில்லை, இது தெரியாமல் போகக் கூடாது.

பூண்டி மகள்
ஜூலை 15, இரவு 9.52

கை நடுங்குகிறது. தம்பியும் "24-ஆம் தேதி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். நாங்கள் எல்லாருமே 24 ராத்திரி என்றுதான் நினைத்திருந்தோம். கார்க்காரரை இப்போதே கூப்பிட்டு 23 சாயங்காலம் ஐந்து மணி என்று மாற்றிவிட்டேன். தம்பி, உங்கள் மாமாவுக்கு நேர்ந்தது எங்களுக்கு நேராமல் காப்பாற்றினீர்கள். எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

மன்னை வாசி
ஜூலை 15, இரவு 10.10

ஐந்து மணி சரியான நேரம். எட்டு, எட்டரைக்குச் சேர்ந்துவிடலாம். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இருப்பது நல்லது. துவாக்குடியிலிருந்து ஊருக்குள் நெரிசல் இருக்கும், அதற்கும் அரை மணி கையில் வையுங்கள்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும், கட்டணம் கிடையாது. விசா வேறு, இது வேறு. தம்பியையே நிரப்பச் சொல்லுங்கள்.

தஞ்சை செவிலி
ஜூலை 16, காலை 6.20

இரவுப் பணி முடித்து வந்து இந்த இழை முழுவதையும் படித்தேன். முட்டிவலிக்காரர் என்பதால் சில வார்த்தை.

சக்கர நாற்காலி வேண்டும் என்று இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள். சாங்கி பெரிய இடம். இறங்கி வெளியே வர நடக்கும் தூரம்தான் அவரை அதிகம் சிரமப்படுத்தும். நடைபாதை ஓரத்து இருக்கை கேளுங்கள், அப்போதுதான் யாரையும் எழுப்பாமல் காலை நீட்டவும் எழுந்து நிற்கவும் முடியும். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து கூடும். ஒரு மணிக்கு ஒரு தடவை எழுந்து நாலடி நடக்கட்டும். எழ முடியாதபோது பாதத்தை மேலும் கீழுமாக ஆட்டினாலே கெண்டைக்காலில் ரத்தம் ஓடும்.

விமானத்துக்குள் காற்றழுத்தம் கொடைக்கானல் மலையில் இருப்பது போலவோ, அதைவிடச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். ஈரப்பதமும் மிகக் குறைவு. அதனால் வாய் உலரும், கால் லேசாக வீங்கும். சிறுநீர் கழிக்க எழ வேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், எங்கள் அம்மாவும் அப்படித்தான். அதை மட்டும் செய்ய விடாதீர்கள். இறங்கும்போது காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல்லுங்கள்.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவரா? இரண்டரை மணி நேரம் திடீரென்று தள்ளுவதால் மாத்திரை நேரம் குழம்பும். அங்கே போய் எந்தக் கடிகாரப்படி சாப்பிடுவது என்று மருத்துவரிடம் கேட்டு, ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். மாத்திரையைப் பெட்டியில் போட்டு ஏற்றிவிடாதீர்கள்.

நாகை கடற்கரை
ஜூலை 16, காலை 7.05

செவிலி அம்மா சொன்ன கடிகார விஷயம் உண்மை. கப்பலில் அந்தக் குழப்பமே இருக்காது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடிகாரத்தைத் தள்ளிக்கொண்டே போவார்கள். சிங்கப்பூர் வரும்போது உடம்பும் அந்த நேரத்துக்கு வந்து சேர்ந்திருக்கும்.

பூண்டி மகள்
ஜூலை 24, காலை 8.15

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். 7.18-க்குத் தம்பி செய்தி அனுப்பினான், சொன்ன நேரத்துக்கு ஏழு நிமிடம் முன்னதாகவே வாசலுக்கு வந்துவிட்டதாம்.

நேற்று ஐந்து மணிக்குக் கிளம்பினோம், எட்டேகாலுக்குத் திருச்சி. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து உள்ளே அழைத்துப் போனார்கள். அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். நான் உடனே திரும்பிவிட்டேன். வழியில் சாப்பிட்டுவிட்டு ஊர் வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. தூக்கம் வரவில்லை. ஒரத்தநாட்டுத் தம்பி போட்ட கோடு நினைவுக்கு வந்து மொட்டை மாடிக்குப் போனேன், அப்பாவும் கூட வந்தார். காற்று அப்படி அடித்தது. ஒன்றே கால் மணிக்குத் தெற்குப் பக்கம், முத்துப்பேட்டை திசையில், சிவப்பாக ஒரு விளக்கு மினுக்கிக்கொண்டு கிழக்கே போயிற்று. அது அம்மா போன விமானம்தானா என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியாது. அப்பா துண்டை எடுத்து ஆட்டினார்.

ஆரூர் ஐயா, அம்மா போனில் பேசியதும் கேட்ட முதல் கேள்வி: "ஏன்டி, இங்க ஏழரைக்குத்தான் விடியுதா?"

திரும்பி வருவது செப்டம்பர் 20, இரவு 10.05. பட்டுக்கோட்டைத் தம்பி, இதில் தேதி குழப்பம் ஒன்றும் இல்லையே? 20-ஆம் தேதி சாயங்காலமே கார் சொன்னால் சரிதானே?

பட்டுக்கோட்டை மச்சான்
ஜூலை 24, காலை 8.22

சரிதான் அக்கா. 20 சாயங்காலம் ஆறரை, ஏழுக்கு வீட்டில் கிளம்பினால் போதும். இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர எப்படியும் பதினொன்று ஆகும்.